கஸ்பார் வயலில் களிமண் முதலை

இல்ல தம்பி, அந்தப் புரோக்கர் இப்போதைக்கு வரமாட்டான். அக்கரையில சாராயக் கடையைத் தாண்டித்தானே படகேறணும். அவன் தாண்டமாட்டான். நிழலுக்கு வாங்க. கஸ்பார் வயலை வாங்க வந்த மும்பைக்காரர்தானே? ஊரே பேசுது. வயலைத் தூர்த்து பங்களா கட்டப் போறீங்களாமே. நீச்சல் குளமும் உண்டா? பேஷ்.

நான் இறால் உரிச்சுக்கிட்டே பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

துறையில பலகை பாத்தீங்களா? கோவாவுலேயே ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பழைய தீவுன்னு எழுதியிருக்கான். யாரு கூடவே இருந்து எண்ணினா? கல்வெட்டு கெடைச்சுதாம். எங்க கெடைச்சுதுன்னு கேளுங்க. எங்க மாமியா மீன் செதில் ஒரசுற கல்லு தம்பி அது! படிச்சவங்க வந்து கழுவிப் பாத்தா, ஏதோ ஒரு ராஜா எங்க ஊருக்கு வரியை மன்னிச்சிருக்கான். அப்பவே நாங்க கட்டல போல. கல்லை எடுத்துட்டுப் போனப்ப மாமியா அழுதா பாருங்க, மாமனார் செத்தப்பகூட அப்பிடி அழல.

அப்புறம் போர்த்துகீசியன் வந்தான். கோயிலை இடிச்சுட்டு சர்ச்சு கட்டினான். அம்மன் சும்மா இருப்பாளா? தோணியேறி அக்கரைக்குப் போயிட்டா. பாதி சொந்தக்காரங்க அவ பின்னாலேயே போயிட்டாங்க. மீதிப் பேரு ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டு இங்கேயே நின்னோம். பக்தியா? அட போங்க. நெல்லு அறுப்புக்கு நின்னுச்சு, விட்டுட்டுப் போக முடியுமா?

உப்பைத் தாங்குற நெல்லு அது. சுத்தி ஆறு, ஆத்துக்குள்ள கடலு ஏறி வரும். வயலு பள்ளத்துல கெடக்கு. நடுவுல காவலுக்கு ஒரு களிமண் கரை, அவ்வளவுதான். நண்டு ஓட்டை போட்டா கரை ஒழுகும், ஊரே மம்பட்டியோட ஓடும்.

முதலையா? இல்லாமலா! அலையாத்திக் காட்டுக்குள்ள வாயைத் தெறந்துக்கிட்டுப் படுத்திருக்கும், எங்க பாதிரியார் மத்தியானத் தூக்கம் போடுற மாதிரி. வருஷா வருஷம் கரை மேல களிமண்ணுல முதலை செய்வோம். சிப்பியை ஒட்டினா செதிலு, குச்சியை நட்டா பல்லு. கரையை நீ பாத்துக்கோ தாயே, எங்க ஆட்டை விட்டுடுன்னு கும்பிடுவோம். காலைல பூசைக்குப் போறவங்க சாயங்காலம் முதலையைக் கும்பிடலாமான்னு பாதிரியார் பிரசங்கத்துல கிழிச்சார். அந்த வருஷம் முதலை செய்யல. கரை ஒடைஞ்சு, சர்ச்சுத் தென்னந்தோப்பு உப்பேறிக் கருகிப் போச்சு. மறு வருஷம் கூடை நெறைய சிப்பி பொறுக்கிக் கொண்டாந்தவரு யாருங்கறீங்க? அவரேதான்.

அந்த முதலை படுத்திருக்கற எடம் கஸ்பார் வயல் கரைதான். ஊர்த் தண்ணிக்கு மதகும் அங்கதான். அதைத் தூர்த்துட்டா தண்ணி எங்க போகும்? பக்கத்து வயலுக்கு. அதையும் தின்னுட்டு நேரா எங்க அடுப்படிக்கு.

கஸ்பாருக்குத் தெரியாதான்னா? அவன் கப்பல்ல சமையக்காரன். பத்து மாசம் கடல்ல, ரெண்டு மாசம் கட்டில்ல. குறட்டை விட்டா கூரையில காக்கா உக்காராது. அவனுக்கு மட்காவ் டவுன்ல எட்டாவது மாடியில வீடு வேணுமாம். வருஷம் பூரா பாக்குற கடலை ஒசரத்துலேர்ந்து பாக்கணுமாம், தொரைக்கு.

புரோக்கர் வயலைப் போட்டோவுல காட்டினானா? காஞ்ச தரை, மாடு மேயுதா? அது மே மாசத்துப் படம் தம்பி. இப்போ அறுப்பு முடிஞ்சாச்சு. அறுப்பு முடிஞ்சா மதகுப் பலகையைத் தூக்கிவிடுவோம். கடல் ஏத்தத் தண்ணியோட இறாலும் மீனும் உள்ள வரும்.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? ஆமா, அந்தா மினுமினுக்குதே, அதேதான் வயல். நீங்க வந்தப்ப தரையாத்தான் இருந்துச்சு. கொக்குக்கு இப்போ முட்டிக்கு மேல தண்ணி. உங்க நீச்சல் குளம் தயாராயிடுச்சு பாருங்க. பலகையைத் தூக்கினது யாரா? நான்தான், காலைல.

கோவப்படாதீங்க, உக்காருங்க. கஸ்பார் கையெழுத்துப் போடத் தயாரா இருக்கானா? போடட்டும், முத்து முத்தாப் போடுவான். ஆனா எங்க கோவாச் சட்டத்துல பொண்டாட்டியும் போட்டாத்தான் புருஷன் நெலத்தை விக்க முடியும். புரோக்கர் சொல்லலையா? அவன் பொண்டாட்டி எஸ்பெரான்சாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்திருக்கலாமே நீங்க.

எங்க இருப்பாளா? நல்லா கேட்டீங்க போங்க. இவ்வளவு நேரமா அவகிட்டத்தானே பேசிக்கிட்டிருக்கீங்க.

இந்தாங்க, இறால் கொஞ்சம் கட்டித் தர்றேன். நம்ம வயல் மதகடியில புடிச்சதுதான். படகு வந்துடுச்சு, பேனாவைப் பையில வச்சுக்கிட்டுப் பாத்து ஏறுங்க. கஸ்பாருக்கு நான் சொல்லிக்கிறேன். எந்தக் கப்பல்ல போனாலும் சோத்துக்கு இங்கதானே வரணும்.