தேறாத பலகை

இல்ல சார், இந்தத் தரை இரும்பு இல்ல. மேல ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்குல்ல, அதுக்கடியில பிளைவுட்தான். இந்தக் காலத்து ரயில்ல மரம் எங்கேன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. நீங்க காலை ஊணியிருக்கீங்களே, அது மரம். சாஞ்சிருக்கீங்களே, அந்தத் தடுப்புக்குள்ளயும் மரம். வெறும் இரும்புத் தரையா இருந்தா, தடதடன்னு வர்ற சத்தத்துல நாம இப்படிப் பேசிக்கிட்டு வர முடியுமா?

எனக்கெப்படித் தெரியும்னா, ரயில் பெட்டி கட்டுற தொழிற்சாலையில இருபத்திரண்டு வருஷமா பலகை கொளுத்துறேன். ஆமா, அதான் வேலை. சிரிங்க, பரவாயில்ல, என் சம்சாரமும் சிரிப்பா. வர்ற லோடுல ஒரு துண்டு வெட்டி, கம்பியில மாட்டி, கீழ தீயைக் காட்டணும். தீயை எடுத்ததும் அதுவா அணையணும். அணையலேன்னா மொத்த லோடும் திரும்பிப் போயிடும்.

சண்டைக்கு வராமயா? வந்தாங்க. என் தங்கச்சி வீட்டுக்காரரே வந்தார். பிளைவுட் பட்டறை வச்சிருந்தார், முதல் தடவையா எங்களுக்கு லோடு அனுப்பியிருந்தார். தீயை எடுத்துட்டேன், அது பாட்டுக்கு எரியுது. நான் வாட்சைப் பாக்குறேன், அவர் என் மூஞ்சியைப் பாக்குறார். மாப்ள, இதைத் தீப்பிடிக்காம இருக்குற மருந்துல முக்குனீங்களா இல்லையான்னு கேட்டேன். முக்காமயா, கொஞ்சம் குறைஞ்சிருக்கும், நீங்க மனசு வச்சா முடியாதான்னார். மனசு வச்சு எப்படி சார் தீயை அணைக்கிறது? நூத்தியெண்பது பலகை. தேறலைன்னு எழுதிட்டேன்.

அதோட தங்கச்சி பேச்சை நிறுத்திட்டா. மூணு வருஷம். அப்பாவைப் பாக்க நான் உள்ள போனா, அவ வெளிய போயிடுவா.

அப்புறம் போன வருஷம் அவளே போன் பண்ணா. வீட்டுக்கு மேல ஒரு ரூம் கட்டியிருக்கோம், வந்து பாருன்னா. பஸ்ஸுல உக்கார இடம் இருந்துச்சு சார், நான் நின்னுக்கிட்டே போனேன். இருப்புக்கொள்ளல.

இப்பவா? இப்பவும் அவளைப் பாக்கத்தான் போறேன். ஆஸ்பத்திரியில இருக்கா. போன வாரம் அடுப்புல எண்ணெய் பத்திக்கிட்டு மேல ஏறிடுச்சு. மாடி முழுக்க மரத் தரை, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள போயிடுச்சு. உசிருக்கு ஒண்ணுமில்ல. மேலேருந்து இறங்கி ஓடி வந்ததுல அவளுக்குத்தான் ரெண்டு காலும் வெந்துபோச்சு. நடப்பாங்க, நாளாகும்னு டாக்டர் சொல்றாராம்.

நேத்து போன்ல ஒரே அழுகை. அண்ணே, நீ வேணாம்னு தள்ளின பலகைதாண்ணே அது, வீணாப் போகுதேன்னு இவர் மாடிக்குப் போட்டிருக்கார், எங்கிட்ட இப்பதான் வாயைத் திறக்குறார், நீ அன்னிக்குச் செஞ்சது சரிதாண்ணே, என்னை மன்னிச்சுடுங்கிறா.

சரிம்மா, அழாதேன்னேன்.

வேற என்ன சார் சொல்றது? போன வருஷம் போனேன்ல, அடுப்படியிலதான் நாற்காலி போட்டு உக்கார வச்சா. டீ போட்டுக் குடுத்தா. சும்மா அண்ணாந்து பாத்தேன், தலைக்கு மேல மாடித் தரையோட பலகை. ரயிலுக்குன்னே வெட்டுற அளவு. ஓரத்துல போல்ட்டு மாட்டுற துளை வரிசையா இருக்கு. எனக்குத் தெரியாதா? நான் பாத்ததை மாப்ளயும் பாத்தார். அவ என்னடான்னா, மாடி எப்படிண்ணே இருக்குன்னு கேக்குறா. மூணு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் சார் அண்ணேன்னு கூப்பிடுறா.

நல்லாருக்கும்மா, இன்னும் கொஞ்சம் டீ ஊத்துன்னேன்.