கடைசிக் கூடாரத்து வெளிச்சம்

உக்காரு தம்பி. கூடாரத்துக்கு அப்புறம் போலாம். டீயைக் குடி. அப்படியே இல்ல, சாசர்ல ஊத்தி உறிஞ்சு. ஆட்டுப்பால்தான். மூஞ்சியைச் சுளிக்காத.

சிறுத்தை கண்ணுல படலைன்னு எனக்குத் தெரியும். நம்ம ஜவாய்க் காட்டுல சிறுத்தை காட்ட ஓடுற அத்தனை ஜீப்பும் காலைல அந்தக் குன்னைத்தான் சுத்துச்சு. உன் டிரைவர் வக்தா என் அண்ணன் மவன்தான். கேமராவைக் கூடாரத்துல வச்சிட்டு வந்தாத்தான் ஏத்துவேன்னானாமே? நேத்து நீ பண்ண காரியத்துக்கு, நானா இருந்தா ஜீப்புக்குப் பின்னால ஓடி வரச் சொல்லியிருப்பேன்.

என்னது, ஃபிளாஷ் தானா அடிச்சிருச்சா? நான் இந்தக் கூடாரங்களுக்குக் காவல்காரனா சேந்த நாள்லேருந்து எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ஆமா, நான்தான் அடிச்சேன்னு ஒருத்தன் சொன்னதில்ல.

அந்தச் சிறுத்தைக்குக் கோமின்னு பேரு வச்சதே நான்தான். என் அண்ணி பேரு. அதே நடை, யாரையும் திரும்பிப் பாக்காது. எங்க ரபாரி சாதி ஆளுங்க அவ குகைக்குக் கீழதான் ஆட்டை ஓட்டிட்டுப் போவோம். எப்பவாச்சும் ஒரு ஆட்டைத் தூக்குவா. எங்க மாதா அம்மனுக்குப் போச்சுன்னு விட்டுருவோம். எங்களை ஒண்ணும் பண்ணமாட்டா. ஒழுங்காப் போயிட்டிருந்துச்சு.

நீ வந்து சேந்த. இருட்டுற நேரம், குட்டிங்களை நக்கிட்டிருக்கா. பளிச்!

ஒரு வெளிச்சத்துல என்ன ஆயிரும்ங்கிறியா? இருட்டைப் பொறுக்கித் திங்குற கண்ணு அது. அதுல உச்சி வெயிலைக் கொட்டுனா? என் மவ கல்யாணத்துல ஒரு போட்டோக்காரன் என் மூஞ்சிக்கு நேரா அடிச்சான். சம்மந்தியைக் கட்டிப்பிடிக்கப் போயி சமையல்காரனைக் கட்டிப்பிடிச்சேன். எனக்குச் சிரிப்போட போச்சு. அவ பாறையில கால் வழுக்கிட்டா. கழுதைப்புலி திரியிற எடம், கண்ணு தெரியாம குட்டிங்களை எப்படிக் காப்பா? விடியக்காலைல குட்டி ரெண்டையும் கவ்விக்கிட்டு குகையைக் காலி பண்ணிட்டா.

வேற குகைக்குப் போனா எனக்கென்ன கவலை? வீடு வாசல் இருக்குற பக்கம் வந்து புகுந்துட்டா? ஒருத்தன் பாத்துக் கத்துனாப் போதும். ஊர் கூடும். கூண்டு வரும். ஊசியைப் போட்டு எங்கயோ கொண்டு போயிருவாங்க. குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். யாரும் கத்தாம இருட்டுற வரைக்கும் விட்டா, அவளே பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு மேல ஏறிருவா.

ஏன் எந்திரிக்கிற? குளிக்கணுமா? என் வீட்டுத் தொட்டியில தண்ணி இருக்கு. தூக்கமா? கட்டில் போடச் சொல்றேன். சாப்பாடும் அங்கதான், கம்பு ரொட்டி. என் மருமவ மிளகாயை அள்ளிப் போடுவா. அழுதுக்கிட்டே சாப்பிடு.

இல்ல. கூடாரத்துக்குப் போவேணாம்.

காரணம் சொல்லணுமா? வந்த அன்னைக்கு என்ன அடம் பிடிச்ச? கடைசிக் கூடாரம்தான் வேணும், குன்னை ஒட்டி இருக்கணும், மனுச சத்தமே கேக்கக்கூடாது. அவளுக்கும் அதேதான் புடிச்சிருக்கு. காலைல நீ ஜிப்பை இழுத்து மூடாமப் போனது இன்னும் வசதி.

கத்தாத! உக்காரு. இதுக்குத்தான் இவ்வளவு நேரம் பேச்சுக் குடுத்திட்டிருந்தேன். ஒரு வருசத்துக்குப் பேசுறதை இன்னைக்கே பேசித் தீத்தாச்சு.

எப்படித் தெரியுமா? வாசல் கூட்டிட்டிருந்தேன். ஆளில்லாத கூடாரம், உள்ள பளிச்சுனுது. கொஞ்ச நேரத்துல மறுபடியும் பளிச். ஜன்னல் வலை வழியா ஒரு கண்ணை மட்டும் வச்சுப் பாத்தேன். உன் மெத்தையில நீட்டிப் படுத்திருக்கா. குட்டி ஒண்ணு உன் கேமராவைக் கட்டிப்பிடிச்சு உருட்டுது. அது அவ மூஞ்சிக்கு நேராவே அடிக்குது. அவ கொட்டாவி விடுறா. பெத்த பிள்ளை அடிச்சாக் கண்ணு கூசாது போல.

சரி சரி, நம்புறேன். இந்தத் தடவ நீ அடிக்கல. டீ ஆறுது பாரு.