வெட்டக்கூடாத தாள்

பெயர்: ஜோவான் த/பெ மரியதாஸ். வயது: 43. தொழில்: பல் மருத்துவ நிலையத்தில் குமாஸ்தா. முகவரி: ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடு, பினாங்கு.

யாரும் வற்புறுத்தாமல் இதைச் சொல்கிறேன். நேற்று இதே போலீஸ் நிலையத்தில் பாதியை விழுங்கிவிட்டேன், இன்று முழுவதையும் சொல்கிறேன். எங்கள் நண்பன் கோகுலனின் வலது கையை நசுக்கியது என் தம்பி டெரன்ஸ் இல்லை, நான். டெரன்ஸ் இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடக்கிறான். அவன் காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருக்கிறார்கள். எழுந்து ஓடுவதற்கு அவன் முதலில் கண்ணைத் திறக்க வேண்டும். அந்த விலங்கைக் கழற்ற வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் கோகுலனும் சேர்த்து வைப்பது பழைய வீடியோ கேம் அல்ல, அவற்றைச் செய்தபோது மிஞ்சிய சாமான்கள். கேம் கேசட்டின் காலிக் கூடு, அதை வார்த்த இரும்பு மோல்ட், ஒட்டாமல் மிஞ்சிய ஸ்டிக்கர் தாள். புக்கிட் தெங்காவில் எப்போதோ மூடிய தொழிற்சாலைகளிலிருந்து இவை பழைய இரும்புக் கடைகளுக்குப் போகும், நாங்களும் பின்னாலேயே போவோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. காலிக் கூடு கிடைத்தால், போலி செய்ய உதவாதபடி உட்பக்கம் ஓட்டை போட்டுவிடுவோம். ஸ்டிக்கர் தாளை வெட்டவே மாட்டோம், ஓரத்தைத் தவிர வேறெங்கும் தொடவும் மாட்டோம். வெட்டிப் போலிக் கேசட்டில் ஒட்டிவிட்டால், அப்புறம் அசலைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

இந்தச் சண்டைக்குக் காரணமான தாளை டெரன்ஸ்தான் கண்டெடுத்தான். இரும்புக் கடைக்காரர் அதை மேசை இழுப்பறையில் விரித்து, மேலே ஆணிகளைக் கொட்டி வைத்திருந்தார். அதைப் போல இன்னொன்றை நாங்கள் பார்த்ததில்லை. பினாங்கு ஈரத்தில் தாள் சுருண்டுவிடும் என்பதால், கோகுலன் கடையில் உள்ள ஈரம் உறிஞ்சும் அலமாரியில் வைத்தோம். அவன் லெபு சூலியா தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் கேம் மெஷின் ரிப்பேர் செய்கிறான். இந்து என்றாலும் வருஷா வருஷம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவில் எங்களோடு மெழுகுவர்த்தி பிடித்து நடப்பான். அவனை நம்பினோம்.

கடந்த சனிக்கிழமை மத்தியானம் டெரன்ஸ் போனில் ஒரு படத்தைக் காட்டினான். கோலாலம்பூரில் யாரோ அசல் என்று நம்பி வாங்கிய கேசட். அதன் ஸ்டிக்கர் மூலையில் அச்சடிக்கும்போது தெறித்த நீலப் புள்ளி இருந்தது. எங்கள் தாளில் இருந்த அதே புள்ளி. வாங்கிய நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் காடியின் பின்சீட்டிலேயே போட்டுவிட்டு இருவரும் புறப்பட்டோம்.

மாடிக்குப் போனபோது தாள் மேசை மேல் கிடந்தது. அதில் ஒரு வரிசை ஸ்டிக்கரைக் காணோம். கோகுலன் கையில் பிளேடு கத்தி இருந்தது.

"பேப்பர்தானே லா, டெரன்ஸ். அலமாரில கெடந்து என்னா பண்ணப் போவுது?" என்றான்.

டெரன்ஸ் தாளை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, "எல்லாருக்கும் இதக் காட்டுறேன். இனிமே ஒருத்தன் உன் படி ஏறமாட்டான்" என்றான்.

அதன் பிறகு கோகுலன் தாளைப் பிடுங்கப் பாய்ந்தான். டெரன்ஸ் உயரம், இரண்டு கையாலும் தாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். கோகுலன் அவன் வயிற்றில் குத்தினான், டெரன்ஸின் கைகள் இறங்கவில்லை. அதன் பிறகு எம்பி எம்பிப் பிளேடால் விரல்களைக் கீறினான். தாளின் இரண்டு ஓரமும் ரத்தமாயிற்று. டெரன்ஸ் விடவில்லை. அதன் பிறகு கோகுலன் மேசையிலிருந்த மோல்டின் ஒரு பாதியை எடுத்தான். மோல்டுக்கு இரண்டு பாதி, ஒவ்வொன்றும் அம்மிக்குழவி கனம். அதை வைத்து டெரன்ஸின் விலாவில் அடித்தான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. கையை இறக்கியிருந்தால் தடுத்திருக்கலாம். என் தம்பி இறக்காமல், "அக்கா, பேப்பர புடி" என்றான்.

நான் பேப்பரைப் பிடித்தேன். அவனைப் பிடிக்கவில்லை. தாளை மடங்காமல் அலமாரியில் வைத்து, பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டேன். கதவை மூடிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் அவன் தலையில் அடி விழுந்தது. திரும்பினேன். டெரன்ஸ் தரையில் கிடந்தான், காதிலிருந்து ரத்தம் வந்தது, ஒரு கால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான் மோல்டின் மறு பாதியை எடுத்தேன். கோகுலன் வலது கையை மேசையில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அந்தக் கையின் மேல் போட்டேன். அவன் "அக்கா" என்றான். மறுபடியும் போட்டேன். எது எந்த விரல் என்று தெரியாமல் போகும்வரை போட்டேன். என் தோள் ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினேன், அதன் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இதில் எனக்கு வருத்தமில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டெரன்ஸ் முதலில் தன் கையை நசுக்கியதாகவும், உயிருக்குப் பயந்து தான் திருப்பி அடித்ததாகவும் கோகுலன் சொல்லியிருக்கிறான் என்று அதிகாரி ஐமான் தெரிவித்தார். மோல்டில் எங்கள் மூவரின் ரேகையும் எப்போதும் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தாளை வைத்துச் சொல்லலாம். டெரன்ஸின் இரண்டு கை விரல்களும் அதன் ஓரங்களில் ரத்தத்தோடு பதிந்திருக்கின்றன, பக்கத்திலேயே பிளேடு பட்ட கீறல்களும் இருக்கின்றன. நசுங்கிய கையால் யாரும் எம்பி எம்பிப் பிளேடு போட முடியாது.

நேற்று தாளைப் பற்றி நான் வாய் திறக்காததற்குக் காரணம், சொன்னால் எடுத்துப் போய்விடுவார்கள் என்ற பயம். தம்பி விலங்கோடு கிடக்க, நான் காகிதத்துக்குப் பயந்தேன். அதை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அலமாரிச் சாவியை இப்போது ஒப்படைக்கிறேன்.

பரிசோதனைக்கு ரத்தம் பட்ட இடங்களை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், சம்மதமா என்று அதிகாரி கேட்டார். எவ்வளவு வெட்டுவீர்கள் என்று கேட்டேன். தெரியாது, வேண்டிய மட்டும் என்றார்.

வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அதிரா தமிழிலேயே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். எல்லாம் நான் கண்டதும் செய்ததும்தான். எதையும் திருத்தச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ஜோவான் த/பெ மரியதாஸ்