நெற்றிக் கோடு

ஹலோ... சொல்லுக்கா... ஆமா, மெதுவாத்தான் பேசறேன். பாத்ரூம்ல இருக்கேன்... ஐயோ, வழுக்கி விழலக்கா, ஒண்ணும் ஆகல. என் பொண்ணு உனக்குப் போன் பண்ணாளா?... என்ன சொன்னா?... பக்கவாதமா? அதெல்லாம் இல்லக்கா. சத்தியமா இல்ல. அழாத, சொல்றத முதல்ல கேளு.

ஊசி போட்டுக்கிட்டேன்... ஊசிக்கா, ஊசி. நெத்தியில. ரெண்டு புருவத்துக்கும் நடுவுல கோடு விழுந்து கெடந்துச்சுல்ல, அதப் போக்கறதுக்கு. போட்டா கொஞ்ச மாசத்துக்கு நெத்தி சுருங்கவே சுருங்காதாம்... ஆமா... ஆமா, இந்த வயசுலதான்... திட்டு. திட்டி முடி, நான் இருக்கேன்.

... முடிஞ்சுதா?

போன வாரம்... தோல் டாக்டர்கிட்டதான், கண்ட இடத்துல இல்ல. முகத்துல கையே வைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான் எங்க கேட்டேன்? இத்தன வருஷமா பார்லர்ல ஊரார் நெத்தியெல்லாம் தேய்ச்ச கை. அன்னைக்கு ராத்திரி கிரீம் தடவும்போது அது பாட்டுக்கு அழுத்தித் தேய்ச்சிடுச்சு. மருந்து கீழ இறங்கி, இடது இமை தொங்கிப் போச்சு... இன்னைக்குக் காலையிலதான். பாதிக் கண்ணுதான் தெரியுது... டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன். தானா சரியாயிடும், கொஞ்ச வாரம் ஆகும்னாங்க.

... அவகிட்ட எப்படிக்கா சொல்றது? என்னப் பாத்ததும் வெலவெலத்துப் போயிட்டா. சிரிம்மாங்கறா, கையத் தூக்கும்மாங்கறா. அவ அப்பாவுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சுது. அன்னைக்குக் கூட இருந்தவ அவதானே... ஆமா... ஆமா.

எதுக்குப் போட்டேனா?... அழகுக்கு இல்லக்கா. அவளுக்கு அந்த வெளியூர் வேல கெடச்சுதுல்ல, அப்ப சொன்னா, "எந்நேரமும் கவலப்படற இந்த மூஞ்சிய விட்டுட்டு எப்படிம்மா போறது"ன்னு. நான் சும்மாத்தான் உக்காந்திருந்தேன். அந்தக் கோடு அப்படிக் காட்டுது. சரி, கோடு போயிட்டா நிம்மதியாக் கெளம்புவாளேன்னு பாத்தேன்... சிரிக்காதக்கா.

... எங்க கெளம்பறது? வேலைக்கு வரலன்னு சொல்லப் போறாளாம். இப்பவே. ஹால்ல நடந்துக்கிட்டே அந்த ஆபீசுக்குத்தான் போன் போட்டுக்கிட்டு இருக்கா, லைன் கெடைக்கல... "உன்ன விட்டு எங்கயும் போகமாட்டேம்மா"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா.

... என்னது?... வாய மூடிக்கிட்டு இருந்துடவா?...

... நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்கும் தோணுச்சுக்கா. போகமாட்டேன்னு அவ சொன்னதும் வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு. அவ மூஞ்சி வெளிறிப் போயிருக்கு, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். என்ன பொம்பள நான்? அந்த வெக்கத்துலதான் இங்க வந்து கதவச் சாத்திக்கிட்டேன்.

இரு... தட்டறா... இதோ வரேன் கண்ணு. மயக்கமெல்லாம் இல்லடி. லைன் கெடச்சுதா?... அப்ப கட் பண்ணு. யாருகிட்டயும் எதுவும் சொல்லிடாத. அம்மா ஒண்ணு சொல்லணும்.

... அக்கா, வைக்கறேன்... ஆமா, சொல்லிடறேன்... திட்டட்டும். திட்டிட்டுப் போகட்டும்... இல்ல, அழல... கொரல்தான் அப்படி இருக்கு... அதெல்லாம் அவளுக்குத் தெரியாதுக்கா. அவ வண்டி ஏறுற வரைக்கும் நான் என்ன நெனச்சாலும் இந்த நெத்தி காட்டிக் குடுக்காது... வைக்கறேன்.