பச்சை வயர்

ஹீட்டர் மாற்றுவது பெரிய வித்தையில்லை, ஐயா. பழையதைக் கழற்ற அரை மணி, புதியதை மாட்ட ஒரு மணி. இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு. மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

தங்கை வீட்டு ஹீட்டர் ஒழுக ஆரம்பித்ததும் அவள் எனக்குத்தான் போன் செய்தாள். நான் பையோடு போய் நின்றபோது அவள் கணவர் ஏற்கெனவே ஸ்டூல் மேல் ஏறியிருந்தார். ஏதோ கம்பெனியில் மேலாளர். மூன்று வீடியோ பார்த்தாராம். வீடியோவில் நீச்சல் கற்கிற ரகம்.

“இதுக்கெல்லாம் ஒரு ஆளா, மச்சான்? ஸ்க்ரூ திருகத் தெரிஞ்சா போதும். இத்தனை வருஷம் ஊரை நல்லா ஏமாத்தியிருக்கீங்க” என்றார்.

தங்கை சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். சுவரில் துளையைக் கோணலாகப் போட்டார். குழாய்க்கு வெள்ளை டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். அதனால் பாதகமில்லை. ஒழுகும், அவ்வளவுதான்.

பிறகு வயருக்கு வந்தார். பச்சை வயர் எட்டவில்லை. மின்சாரம் கசிந்தால் ஆளைத் தொடவிடாமல் மண்ணுக்குள் இழுத்துப்போவது அது ஒன்றுதான். அவர் அதை நறுக்கி, டேப் சுற்றி, உள்ளே திணித்தார். அடிமூடியைத் திருகும்போது கரண்ட் வருகிற வயர் நசுங்கித் தோல் பிய்ந்தது. உள்ளிருந்த செம்பு இரும்பில் பதிந்தது. கீழே உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது.

“எப்படி மச்சான், சரியா இருக்கா?”

“உங்களுக்குத் தெரியாததா, மாப்பிள்ளை” என்றேன்.

அவர்தான் முதலில் குளிப்பார் என்று நினைத்தேன். அது நியாயமாக இருந்திருக்கும். அவரோ ஹாலில் சாய்ந்துகொண்டு ஹீட்டர் படத்தை ஆபீஸ் ஆட்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தங்கைதான் துண்டோடு வந்தாள். என் காதருகே குனிந்தாள்.

“அண்ணா, அவர் வேலையை நம்பப் பயமா இருக்கு. நீ சொன்னாத்தான் உள்ள போவேன்.”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஹாலிலிருந்து என்ன பேச்சு வரும் என்று யோசித்தேன். மச்சானுக்குப் பொறாமை, வயிற்றெரிச்சல். இவளும் பாதி நம்புவாள். அந்த மனிதர் முன்னால் நான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதா?

“பயப்படாமப் போய்க் குளிம்மா” என்றேன்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு வாளி உருண்ட சத்தம். மெயின் சுவிட்ச் என் தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில் இருந்தது. நான் எழவில்லை. அவர் ஓடிவந்து கதவைத் தட்டினார், அவள் பேரைச் சொல்லிக் கத்தினார், கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“மச்சான், எனக்கு ஒண்ணும் தெரியலை. ஏதாவது பண்ணுங்க மச்சான்.”

அப்போதுதான் எழுந்து அணைத்தேன்.

அந்த வார்த்தையை அவர் காலையிலேயே சொல்லியிருக்கலாம், ஐயா. சொல்லியிருந்தால் என் தங்கையை அவர் கொன்றிருக்க மாட்டார்.