குகைச் சாமி கேட்ட காணிக்கை

— மெதுவாடா. தோளைப் பிடிச்சுத் திருப்பு. ம், போதும். இப்பச் சொல்லு ராசா, உன் வீரனுக்குக் கண்ணு எப்படிப் போச்சு?

— விடுக்கா. கேம்ல ஆயிரம் நடக்கும். தலகாணி சரியா இருக்கா?

— தலகாணி கெடக்கட்டும். காலையில கேமைத் திறந்தா, உன் ஆளு நடுக்காட்டுல மரத்துல முட்டிக்கிட்டு நிக்கிறான். என் வில்லுக்காரி பக்கத்துல நிக்கிறா. குகைச் சாமிகிட்டப் போனியா?

— சும்மா எட்டிப் பாத்தேன்.

— எட்டிப் பாத்ததுக்கா கண்ணைப் பிடுங்குச்சு? பிரியமானதைக் கல்லு மேல வச்சா எடுத்துக்கிட்டு நெருப்பு வாள் குடுக்கும். எடுத்தது திரும்பி வராது. பிரியமில்லாததை வச்சாத்தான் கண்ணு போகும். என்னத்த வச்ச?

— குதிரையை.

— அதுக்கு ஒரு கீறல் விழுந்தாலே சோறு தண்ணியில்லாம உக்காந்து மருந்து போடுவியே. அதை வச்சிருந்தா சாமி அப்பவே வாரிக்கிட்டுப் போயிருக்கும்.

— அக்கா...

— உங்கூட இருக்கிறது குதிரை. அதை விட்டா நான்.

— எல்லாப் பயலும் அந்த வாளை வச்சிருக்கானுங்க. உனக்குப் புதுசா ஒரு வில்லுக்காரி செஞ்சு குடுத்துரலாம்னு நெனச்சேன். சாமி உன்னை எடுத்துக்கும்னு சத்தியமா நம்புனேன்க்கா.

— நம்புனியா.

— தெனமும் உன்னைத் திருப்பிப் போடுறேன், ஊட்டி விடுறேன். பிரியமில்லாமயா? பாழாப்போன சாமிக்கு இதெல்லாம் எங்க தெரியுது?

— அதுக்குத் தெரிஞ்சது அங்க நடக்குறது மட்டும்தான். நான் அடிபட்டு விழுந்தப்ப நின்னியா, தூக்கிவிட்டியான்னு பாக்கும். நான் நடக்குற ஒரே எடம் அதுதான்டா. அங்கதான் என்னை விட்டுட்டு ஓடியிருக்க.

— தப்புதான்க்கா. இப்ப என்ன பண்றது? அந்த வீரன் என் உசிரு. சின்னதுலருந்து வளத்தவன்.

— தெரியும். அங்க நீ விழுந்தப்பல்லாம் தூக்குனவ நான்தானே. மூக்கைத் துடை. மவுசை என் வெரலுக்குக் கீழ வை. உன் ஆளு என் வில்லுக்காரி கையைப் பிடிச்சுக்கட்டும்.

— கூட்டிட்டுப் போறியாக்கா? எங்க?

— குகைக்கு. மேடு வருது, பாத்து.

— கண்ணைத் திருப்பிக் கேக்கப் போறியா?

— இல்ல ராசா. கல்லு மேல ஏறிப் படு. உன்னைச் சாமி எடுத்துக்கும்.