எஃப்.சி.யில் ஃபெயிலான வண்டி

"எஃப்.சி. டெஸ்ட்ல என் மினி லாரி ஃபெயிலாயிடுச்சு மச்சான். சாமிதான் காப்பாத்திச்சு" என்று முன் இருக்கைக்காரர் சிரித்தபடி சொன்னார். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ் அப்போதுதான் பாகாலாவைத் தாண்டியிருந்தது.

பக்கத்தில் இருந்தவர் திகைத்தார். "ஃபெயிலானதுக்கா சிரிச்சிக்கினு கீற?"

"நானும் கத்திட்டுதான் வந்தேன். மாங்கா சீசன்ல வண்டிய நிறுத்திட்டாரேன்னு பிரேக் இன்ஸ்பெக்டர திட்டிக்கினே மெக்கானிக்குகிட்ட போனேன். அவன் அடியில பூந்து பாத்துட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்னான். பிரேக் ஆயில் போற பைப்பு தேஞ்சி காயிதமாட்டம் கீது. இன்னொரு லோடு தாங்காதுன்னுட்டான்."

"ஐயோ!"

"மறுநாளே தோப்புலேர்ந்து லோடு. காய் பறிக்கிறவங்க பதினோரு பேரு மேல உக்காந்துனு வருவாங்க. உன் தங்கச்சியும்தான்."

"இப்ப எப்பிடி?" என்று மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"புது பைப்பு போட்டு நேத்து பாஸாயிடுச்சு. ஆனா இனிமே லோடு மேல ஆளுங்கள ஏத்தறதில்ல. அவங்க ஆட்டோவுல வராங்க. உன் தங்கச்சி என் பக்கத்து சீட்ல."

மச்சான் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை எடுத்தார். அவருக்கும் ஒரு லாரி இருந்தது. வண்டியைக் காட்டாமலே எஃப்.சி. வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த ஏஜெண்டைத்தான் அழைத்து, தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

"வத்தன்னா, வத்து. அப்பிடி வாணாம். நானே வண்டிய ஓட்டிக்கினு வந்து காட்றேன். ரெண்டு நாளு போனா போவட்டும்."